காதில் விழாத வரைக்கும்

அமகிரி மலை ஏறப் போகிறவன் உயிரோடு ஏற முடியாது. அப்படித்தான் ஐதீகம். ஏறுகிறவர்கள் கட்டிக்கொள்வது பிணத்துக்குக் கட்டும் அதே வெள்ளைத் துணி. அடிவாரத்துக் கோயிலில் செத்து, உச்சியில் மறுபடி பிறந்து, புது மனிதனாகக் கீழே இறங்கி வர வேண்டும். இறங்கி வந்த புது மனிதர்கள் அன்றைக்கே விடுதியில் உட்கார்ந்து சாக்கே என்ற அரிசிச் சாராயம் குடித்துப் பழைய சண்டையை விட்ட இடத்தில் தொடங்குவார்கள், அதை விடுங்கள். வேடிக்கை என்னவென்றால், இப்படிச் சவத்துணி கட்டிக்கொண்டு சாகப் போகிறவர்களுக்கு ஆகவே ஆகாத ஒன்று உண்டு. சாவுதான். வீட்டில் யாராவது இறந்திருந்தால் ஐம்பது நாளைக்கு அந்தக் கோயிலின் முகப்பில் தூண்களாக நிற்கும் தோரி வாசலுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. தீட்டு.

அந்தத் தீட்டிலும் பெரியவர்கள் ஒரு சௌகரியம் வைத்திருந்தார்கள். உயிர் போன நேரத்திலிருந்து தீட்டு இல்லை, சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான். விழாத வரைக்கும் நீங்கள் சுத்தம். இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ தெரியாது. போட்டவனுக்குக் கட்டாயம் சாகக் கிடந்த சொந்தக்காரன் ஒருத்தன் இருந்திருப்பான்.

நிஷிகோரி எய்சோவுக்கும் இருந்தான். கூடப்பிறந்த அண்ணன், தொமேகிச்சி.

எய்சோ இசோமாச்சியில் சோயாப் பாலை உறையவைத்து டோஃபு செய்து விற்கும் கடை வைத்திருப்பவர். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது, வெந்நீரிலேயே ஊறி வெளுத்த கைகள். அவருடைய டோஃபுவை அந்தக் கடற்கரை ஊரில் ஒருத்தரும் குறை சொன்னதில்லை. சங்கைத்தான் சொன்னார்கள். மலைக்குப் போகும் கூட்டத்தின் தலைவர் ஊத வேண்டிய பெரிய சங்கு அது. என்றைக்காவது ஒரு நாள் தன் முறை வரும் என்று எய்சோ கடையின் பின்கட்டில் நின்று அதை ஊதிப் பழகினார். தெரு நாய்கள் எல்லாம் கூடி நின்று பதில் சொல்லின. அண்ணன் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவர், சங்கே தேவைப்படாத தொண்டை. ஒரு நாள் பின்கட்டுக்குள் தலையை நீட்டி, மாட்டுக்கு என்னடா வயித்துவலியா என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து டோஃபு வாங்க வருகிற பெண்கள்கூட மாட்டை நலம் விசாரித்துவிட்டுத்தான் போனார்கள்.

முறைப்படி பார்த்தால் அந்தச் சங்கு தொமேகிச்சிக்குப் போயிருக்க வேண்டியது. அவர்களுடைய அப்பா கூட்டத்தின் தலைவராக இருந்தவர். அவர் பெயர் எழுதிய மரப்பலகை அடிவாரத்து விடுதியின் கூடத்தில் இன்றைக்கும் தொங்குகிறது. அப்பா போன பிறகு மூத்தவர் கையை உதறிவிட்டார். மலை எங்கேயும் ஓடிப்போகாது, மீன்தான் கெட்டுப்போகும் என்றார். சங்கைத் தம்பி மடியில் போட்டார். தலைமை மட்டும் தம்பிக்கு வரவில்லை, கூட்டத்தில் வயதில் மூத்த மொகாமிக்குப் போனது; அவரிடம் சொந்தச் சங்கு இருந்தது. எய்சோ வருஷா வருஷம் மொகாமியின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே மலை ஏறினார். உச்சியில் சூரியன் எப்படி உதிக்கும் என்று கேட்டால் தடுமாறுவார், மொகாமியின் குதிகால் வெடிப்பைக் கேட்டால் வரைந்தே காட்டிவிடுவார்.

இந்த வருஷம் மொகாமியின் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. எய்சோ அதற்காக வேண்டிக்கொண்டார் என்று சொன்னால் பாவம். ரொம்ப வருத்தப்பட்டார் என்று சொன்னால் பொய்.

தலைமை கைக்கு வந்தது. ஆனால் அதற்கும் ஒரு விதி. தலைவன் என்று பெயர் சொன்ன வருஷத்தில் அவன் முதல் ஆளாகத் தோரி வாசலைத் தாண்ட வேண்டும். தாண்டாமல் போனால், காரணம் எதுவானாலும் சரி, அடுத்தவனுக்குப் போய்விடும். அந்த அடுத்தவன் சாராயக் கடை இவாபுச்சி. எய்சோவுக்குச் சமவயது, எதிர்த்த கடை. சின்ன வயதிலிருந்தே ஒருத்தரை ஒருத்தர் சகிக்காமல் ஒருநாள்கூடப் பிரிந்து இருந்ததில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் தொமேகிச்சி ஏல மேடையிலேயே சுருண்டு விழுந்தார். மழைக்காலம் முடிவதற்குள் ஆள் பாதியாகிவிட்டார். ஒரு பக்கம் அசையவில்லை, கண்ணைத் திறந்தாலும் யாரையும் அடையாளம் தெரியவில்லை. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். இன்றைக்கோ நாளைக்கோ என்று எல்லாரும் சொன்னார்கள். எய்சோவும் தினம் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணனுடைய மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்ப்பார். நாட்காட்டியையும் பார்ப்பார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்ததில் எதற்காக அதிகம் பார்த்தார் என்று அவரைக் கேட்டால் அழுதுவிடுவார், அதனால் யாரும் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்றைக்கு மனைவி ஹருயோவிடம் கண்டிப்பாகச் சொன்னார், தோரி வாசலைத் தாண்டுகிற வரைக்கும் விடுதிக்கு ஃபோன் பண்ணக் கூடாது என்று.

"அண்ணன் போயிட்டாக் கூடவா?" என்றாள் ஹருயோ.

"போயிட்டாத்தான் முக்கியமாப் பண்ணாதே."

ஹருயோ அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முள்ளங்கி ஊறுகாயை நறுக்கும் வேலைக்குத் திரும்பினாள். எய்சோ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளுடைய மௌனத்தைச் சம்மதம் என்று நினைக்கிற தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்ததோ.

மலையடிவாரத்து விடுதி கோயிலுக்கு ஒட்டினாற்போல இருந்தது. நடைக் கூடத்து ஜன்னலைத் திறந்தால் தோரி வாசலின் சிவப்புத் தூண்கள், அதற்குப் பின்னால் கல்படிகள், படிகளுக்கு இரண்டு பக்கமும் ஆயிரம் வருஷத்துத் தேவதாரு மரங்கள். அந்த ஜன்னலுக்குக் கீழேதான் கறுப்பு டெலிபோன். விடுதியை நடத்துகிற மிட்சுவே அம்மாள் அதைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பாள். எய்சோவுக்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அதைப் பார்க்கவே பயம். குளிக்கப் போகும்போதுகூட அது இருக்கிற பக்கம் திரும்பாமல் சுவரோரமாக நடந்து போனார்.

காலைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வெள்ளை உடுத்தி வரிசையாக உட்கார்ந்தார்கள். மீனும் கறியும் இல்லாத விரதச் சாப்பாடு, மலைக்கீரை, காளான் சூப், எள் டோஃபு. எய்சோ டோஃபுவை ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார், தொழில் புத்தி. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு தலைவர் என்ற முறையில் பேசினார். ரொம்ப உசத்தியாகப் பேசினார். மலைக்குப் போகிறவன் உலகத்தை வாசலில் கழற்றி வைக்க வேண்டும், ஊர்ச் சேதி, வீட்டுச் சேதி எதுவானாலும் வாசலைத் தாண்டுகிற வரைக்கும் ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லக் கூடாது, நல்லதும் கூடாது கெட்டதும் கூடாது, இதை மலை மேல் ஆணையாக எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார். எதற்காக இந்தப் பிரசங்கம் என்று கூட்டத்தில் தெரியாதவர் யாரும் இல்லை. எல்லாரும் சூப் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தபடி ஒத்துக்கொண்டார்கள். இவாபுச்சிதான் எல்லாரையும்விடச் சத்தமாக ஒத்துக்கொண்டார். அது எய்சோவுக்குப் பிடிக்கவில்லை.

கிண்ணங்களைக் கழுவக்கூட எடுக்கவில்லை, டெலிபோன் மணி அடித்தது.

எய்சோ எழுந்துவிட்டார். மிட்சுவே அம்மாள் கூடத்துக்கு வந்து, "நிஷிகோரி-சான், ஃபோன்ல உங்க வீட்ட..." என்று ஆரம்பித்தபோது அவர் உட்கார்ந்த இடம் காலியாக இருந்தது. வீட்டம்மாள் என்று முடிக்கப் போனாள் அவள். முடிப்பதற்குள் கக்கூஸ் கதவு தாழ் போடுகிற சத்தம் கேட்டது.

உள்ளே எய்சோ இரண்டு காதிலும் விரலைத் திணித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். போய்விட்டான் என்று நினைத்தார். போய்விட்டான், என் அண்ணன் போய்விட்டான். அழுகை வந்தது, உடனே அதை நிறுத்தினார். அழுதால் சேதி தெரிந்துவிட்டதாக ஆகிவிடும். இன்னும் எதுவும் காதில் விழவில்லையே. ஹருயோ கூப்பிட்டாள் என்று மட்டும்தான் விழுந்தது. ஒரு பெண்பிள்ளை புருஷனைக் கூப்பிட ஆயிரம் காரணம் இருக்கும். சோயா தீர்ந்திருக்கும், அரவை இயந்திரம் நின்றுபோயிருக்கும். இப்படி அவர் தனக்குத்தானே ஜாமீன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டினார்கள்.

இவாபுச்சியின் குரல். "நிஷிகோரி, வெளில வாய்யா. ஒரே நிமிஷம்."

எய்சோ மலையேறும்போது சொல்கிற வேண்டுதலை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். கண்ணும் காதும் மூக்கும் நாக்கும் உடம்பும் மனசும் சுத்தமாகட்டும். இவாபுச்சி கதவை இடித்து ஏதோ சொன்னார். எய்சோ இன்னும் உரக்கச் சொன்னார். காதும், காதும், என்று காதையே நாலைந்து தடவை சுத்தம் பண்ணினார். அண்ணன் அளவுக்கு இல்லாவிட்டாலும் அதே குடும்பத்துத் தொண்டைதான், விடுதியின் காகிதக் கதவுகள் அதிர்ந்தன. கொஞ்ச நேரத்தில் இவாபுச்சியின் காலடிச் சத்தம் விலகிப் போனது. ரிசீவரை வைக்கிற 'டிங்' சத்தமும் கேட்டது.

வெளியே வந்தபோது உலகம் மாறிவிட்டிருந்தது. அவருடைய வைக்கோல் செருப்பை யாரோ வாசலில் திருப்பி, காலை நுழைக்க வாகாக வைத்திருந்தார்கள். அவருடைய மூட்டையை இவாபுச்சி தன் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பாலர் பள்ளியில் படித்த காலத்திலிருந்து இவாபுச்சி எய்சோவுக்காக ஒரு துரும்பைத் தூக்கியதில்லை. இப்போது தூக்கியதோடு நிற்காமல், பனி ஈரம் இருக்கு, பாத்து வா என்று முழங்கையையும் பிடித்துக்கொண்டார். மிட்சுவே அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கூட்டத்தில் ஒருத்தர் ஒரு சோற்று உருண்டையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

எய்சோவுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இவாபுச்சி ஒருத்தனிடம் அன்பாக நடந்துகொள்கிறான் என்றால் அந்த வீட்டில் கட்டாயம் பிணம் விழுந்திருக்க வேண்டும்.

கோயில் வெளிப்பிரகாரம் வரைக்கும் அவர் தனக்குள் வழக்காடிக்கொண்டே நடந்தார். தெரிவது வேறு, கேட்பது வேறு. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் ஊகம் பண்ணியிருக்கிறேன். ஊகத்துக்குத் தீட்டு என்று எந்தச் சாஸ்திரத்திலும் கிடையாது. வக்கீல் வைத்தால்கூட இவ்வளவு நன்றாகப் பேசியிருக்க மாட்டார். ஆனால் கையில் இருந்த சோற்று உருண்டையைத் தின்ன முடியவில்லை. கடை போட்ட புதிதில் அவர் செய்த டோஃபு ஒன்றுமே உறையவில்லை, உறைந்ததோ கல்லாகிவிட்டது. விற்காததையெல்லாம் அண்ணன்தான் தினம் வாங்கிக்கொண்டு போனார். துறைமுகத்தில் உட்கார்ந்து, இதைக் கட்டித்தான் நங்கூரம் இறக்கணும் என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி திட்டிக்கொண்டே ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்பார். அந்த நினைவு வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

கல்தொட்டியில் கை கழுவி வாய் கொப்பளித்தார்கள். எய்சோ காதையும் கொஞ்சம் நனைத்துக்கொண்டார்.

பூசாரி தோரி வாசலுக்கு வெளியே மேடையில் நின்றிருந்தார். வருஷா வருஷம் எல்லாக் கூட்டத்தையும் பார்த்துப் பார்த்து அலுத்த முகம். தலைவரைப் பார்த்துக் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"யாரு வீட்டுலயாவது சாவு உண்டா?"

கூட்டம் மொத்தமும் எய்சோவின் முதுகைப் பார்த்தது. அவருக்கு அது சூடாகத் தெரிந்தது. இவாபுச்சி ஒரு அடி முன்னால் வந்தார், இருமினார், திரும்பப் பின்னால் போனார்.

"காதுல விழுந்த வரைக்கும் இல்லீங்க," என்றார் எய்சோ.

பூசாரி ஒரு விநாடி அவரை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இந்தப் பதில் புதிதல்ல போலிருக்கிறது. வெள்ளைக் காகிதக் கீற்றுகள் தொங்கும் கோலை எடுத்து எல்லார் தலைக்கு மேலும் இடம் வலமாகச் சலசலவென்று வீசினார். அதோடு எல்லாரும் சுத்தம்.

எய்சோ சங்கை எடுத்தார். இந்த ஒரு ஊதலுக்காகத்தான் இத்தனை வருஷத்து நாய் ஊளையும். உதட்டில் வைத்து ஊதினார். தொண்டையில் அண்ணன் உட்கார்ந்திருந்தாரே, காற்று எங்கே போகும்? மெல்லிசாக, கன்றுக்குட்டி முனகுகிற மாதிரி ஒன்று வந்து பாதியில் அறுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. தலையைக் குனிந்து வணங்கிவிட்டு, முதல் ஆளாகத் தோரி வாசலைத் தாண்டினார். முன்னால் யாருடைய குதிகாலும் இல்லை. வெறும் கல்படிகள், பாசி, மரங்களுக்கு நடுவே பனி. இத்தனை நாள் ஆசைப்பட்டது இதற்குத்தானா என்று நினைக்கிற அளவுக்கு வெறுமையாக இருந்தது.

கொஞ்ச தூரம் ஏறியதும் சிவப்புப் பாலம் வரும். அதற்கு முன்னால் ஒரு பெரிய தேவதாரு. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நின்று திரும்பினார். கூட்டமும் நின்றது.

"தாண்டியாச்சு," என்றார். "இனிமே சொல்லலாம். எப்பப் போச்சு?"

"எது?" என்றார் இவாபுச்சி.

"எங்கண்ணன் உசிருய்யா. எந்நேரத்துக்குப் போச்சு?"

இவாபுச்சி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பிறகு மூட்டையைக் கீழே வைத்தார்.

"ஃபோன்ல பேசினதே உங்கண்ணன்தான்யா."

ராத்திரி திடீரென்று தொமேகிச்சிக்குக் கண் தெளிந்திருக்கிறது. ஆட்களை அடையாளம் தெரிந்து, ஹருயோவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, விடிந்ததும் தம்பியிடம் பேச வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். ஹருயோ அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆஸ்பத்திரி டெலிபோன் வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். அணையப் போகிற விளக்கின் வெளிச்சம் இது, ரொம்ப நேரம் தாங்காது என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் சொல்லத்தான் இவாபுச்சி கக்கூஸ் கதவை இடித்தது.

"நீ உள்ளேர்ந்து மந்திரம் கத்தினது அவருக்கு அங்க வரைக்கும் கேட்டுச்சு. 'சரி, சாமி கும்பிடறான், விடு'ன்னாரு. நம்பர் குடுத்து, அங்கயே உக்காந்திருக்கேன், எப்ப வேணா பேசச் சொல்லுன்னாரு. நான் சொல்லலாம்னா நீதான் மலை மேல ஆணை வாங்கிட்டியே. அப்படி உக்காந்திருக்கிற மனுஷனை நெனச்சா எனக்கே மனசு கேக்கலைய்யா."

எய்சோ அந்தத் தேவதாருவைப் பிடித்துக்கொண்டார். இவாபுச்சியின் அன்புக்கெல்லாம் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது. அது செத்துப்போனவனுடைய தம்பிக்குக் காட்டிய இரக்கம் இல்லை. உயிரோடு இருக்கிற அண்ணன் கூப்பிட்டும் போகாதவனுக்குக் காட்டிய இரக்கம். வெட்கத்தில் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தலைவன் உச்சியைத் தொடாமல் தோரி வாசலுக்கு வெளியே திரும்பினால் தலைமை அந்த இடத்திலேயே அடுத்தவன் கைக்குப் போகும். அப்பாவின் பலகைக்குப் பக்கத்தில் தொங்கப்போவது இவாபுச்சியின் பலகை. இதை இருவரில் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எய்சோ சங்கைக் கழற்றி இவாபுச்சியின் கழுத்தில் மாட்டினார். அவர் வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டினார், வாங்கிக்கொள்ளவும் செய்தார்.

"முன்னாடி போய்யா," என்றார் எய்சோ. "எனக்காக நிக்காதே."

வெள்ளைத் துணியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படியில் இறங்கி ஓடினார். ஒரு செருப்பு வழியில் கழன்று போனது. பூசாரி தொட்டியடியில் நின்று, செத்தவன் ஒருத்தன் இவ்வளவு வேகமாகத் திரும்பி ஓடுவதைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

மிட்சுவே அம்மாள் அவர் கேட்பதற்கு முன்னாலேயே எண்ணைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டாள். மணி பாதி அடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஹருயோ எடுத்தாள்.

"வாசலைத் தாண்டிட்டீங்களா?" என்றாள். அந்தக் கேள்வியில் எவ்வளவு விஷம் இருந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"தாண்டிட்டேன். திரும்பியும் தாண்டிட்டேன்."

ரிசீவர் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல் வந்தது. துறைமுகத்தையே அதட்டிய குரல், இப்போது கிண்ணத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி முணுமுணுத்தது.

"கக்கூஸ்ல உக்காந்து கத்தினது நீதானே?"

"ஆமாண்ணே."

"நான் போயிட்டேன்னு நெனச்சியா?"

எய்சோவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாண்ணே," என்றார், அழுதார். இந்தத் தடவை நிறுத்தவில்லை.

"அழாதே. இன்னும் போகல." மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. "அப்பா வாசல்ல நின்னு ஊதுவாருல்ல. அத ஒரு தடவ கேக்கணும் போல இருந்துச்சுடா. இந்த வருஷம் நீதானே. ஊது, கேக்கறேன்."

சங்கு இல்லை என்று சொல்ல எய்சோ வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே, மேலே, சிவப்புப் பாலத்துப் பக்கம் சங்கு முழங்கியது. ஆழமாக, நீளமாக, ஒரு விரிசல் இல்லாமல் வந்தது. ஒவ்வொரு மரமாகத் தட்டிக்கொண்டு அது அடிவாரத்துக்கு இறங்கியது. இந்தப் படுபாவி இதை எங்கே, எப்போது பழகினான்? சாராயக் கிடங்கில் கதவைச் சாத்திக்கொண்டு இத்தனை வருஷமாக ஊதியிருக்கிறான், ஒரு நாய்க்குக்கூடத் தெரியாமல். எய்சோ ஜன்னலைத் தள்ளித் திறந்து, ரிசீவரைக் கம்பி எட்டுகிற மட்டும் வெளியே நீட்டிப் பிடித்தார். மிட்சுவே அம்மாள் டெலிபோனையே தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நின்றாள்.

முழக்கம் அடங்கியதும் ரிசீவரைக் காதில் வைத்தார்.

"நல்லா ஊதறேடா, எய்சோ," என்றார் அண்ணன். "அப்பாவ விட நல்லாருக்கு. மாடு கீடுன்னு எவ்வளவு பேசிட்டேன் ஒன்ன."

வாழ்நாள் பூராவும் அண்ணன் வாயிலிருந்து வராதா என்று ஏங்கிய வார்த்தை. வந்துவிட்டது. வந்து இவாபுச்சியின் பேருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எய்சோவின் நாக்கை அன்று காலையில் பூசாரி சுத்தம் பண்ணியிருந்தார். அந்த நாக்கு கொஞ்சமும் கூசாமல் சொன்னது.

"பழகினேண்ணே."

"இன்னொரு தடவ ஊது."

எய்சோ ரிசீவரை மறுபடி ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். மலை சத்தமில்லாமல் இருந்தது, பனி கலைய ஆரம்பித்திருந்தது. இத்தனை வருஷம் அந்த மலைக்கு வந்தும் ஒரு தடவைகூட அவர் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

ஊதுய்யா இவாபுச்சி. ஒன்னக் கும்பிடறேன், ஊது.